எருசலேமில் ஒரு பத்து நாள் பாடசாலை

நம் பிள்ளைகள் பொறியியலையும் மருத்துவத்தையும் கணக்கியலையும் ஆண்டுக்கணக்கில் கற்கின்றனர். அவர்களது ஞானோபதேசக் கல்வியோ உறுதிபூசுதல் பெற்ற நாளோடு பெரும்பாலும் முற்றுப்பெற்று விடுகிறது. இருபது வயதில் எழும் வினாக்களுக்குப் பத்து வயதில் மனப்பாடம் செய்த விடைகளே அவர்கள் கைவசம் இருக்கின்றன. இறையியல் கற்பதென்றால் குருமடம் புக வேண்டும், பல ஆண்டுகள் செலவிட வேண்டும் என்றே நாமும் எண்ணி வந்திருக்கிறோம். தேர்வு, பயிற்சி, வேலை தேடுதல் என்று ஓய்வின்றி ஓடும் மாணவனுக்கு அது இயலுமா? விடுமுறையில் பத்து நாள் மட்டுமே ஒதுக்கக்கூடிய ஒருவனுக்கு அந்தப் பத்து நாளில் எதைத்தான் கொடுக்க முடியும்?

இவ்வினாவைச் சுமந்துகொண்டே புனித நாட்டிற்குச் சென்றிருந்தோம். அங்கே எருசலேம் பழைய நகரில், சிலுவைப் பாதை செல்லும் தெருவிலேயே அமைந்த ஒரு கன்னியர் மடத்தில் நடைபெற்ற பத்து நாள் விவிலிய வகுப்பில் அமரும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. 2023 அக்டோபரில் மூண்ட போர் அந்நாட்டு யாத்திரைகளைப் பெரிதும் முடக்கிற்று. நாங்கள் சென்றது அதற்கு முன்னர். அங்குக் கண்டதும் கற்றதும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இதனை எழுதுகிறோம்.

மடமும் அதன் வரலாறும்

நகரின் கீழ்த்திசை மதிலில் சிங்க வாயில் என்றொரு வாயில் உள்ளது. அர்ச். முடியப்பர் வாயில் என்றும் அதனை அழைப்பர். அதன் வழியே நுழைந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால், தெருவின் குறுக்கே பழைய கல்வளைவு ஒன்று நிற்பதைக் காணலாம். அதற்கு 'எக்சே ஓமோ' வளைவு என்று பெயர். 'இதோ, மனிதன்' என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் அவை. முள்முடி சூடிய நம் ஆண்டவரைப் போஞ்சு பிலாத்து மக்களுக்குக் காட்டிய இடம் இதுவே என்று பல நூற்றாண்டுகள் நம்பி வந்தமையால் அப்பெயர் வழங்கலாயிற்று.

இவ்வளவை ஒட்டிய நிலத்தை 1857இல் வாங்கியவர் அல்போன்ஸ் ரத்திஸ்பொன் என்ற பிரெஞ்சுக் குரு. ஸ்திராஸ்பூர் நகரின் யூதக் குடும்பத்தில் பிறந்த இவர், 1842இல் உரோமையில் மனந்திரும்பினார். மறு ஆண்டே இவருடைய அண்ணன் தியடோர் குருவானவர் சீயோன் மாதா கன்னியர் சபையைத் தொடங்கினார். அச்சபையின் மடமே இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின்னர், யூத மக்களோடு நல்லுறவு வளர்ப்பதையும் திருமறை நூலை அதன் மண்ணிலேயே கற்பிப்பதையும் இக்கன்னியர் தம் பணியாக மேற்கொண்டனர்.

மடத்தின் மேல்மாடியில் நின்று பார்த்தால் கிழக்கே ஒலிவ மலையும், தெற்கே முன்னர் ஆலயம் இருந்த மேட்டில் பொன்னிறக் குவிமாடமும் தெரிகின்றன. மசூதியின் தொழுகை அழைப்பும் கோயில் மணிகளும் ஒன்றையொன்று தொடர்ந்து ஒலிக்கின்றன. கீழே தெருவில் எள் தூவிய வளைய ரொட்டியும் ஒலிவ மரச் செபமாலையும் விற்பவர்கள் வழிப்போக்கரை அழைத்துக்கொண்டிருக்கின்றனர்.

வகுப்பு நடந்த முறை

எங்கள் வகுப்பில் இருபது பேருக்குச் சற்று அதிகமாக இருந்தோம். பாதிப்பேர் பல்கலைக்கழக மாணவர்கள். மற்றவர்களுள் ஆசிரியர்களும் தாதியரும் இருந்தனர். முதியோரைப் பராமரிக்கும் பணியில் அந்நாட்டிலேயே இருந்த கேரளப் பெண்மணி ஒருவரும் அரிதாகக் கிடைத்த விடுப்பை இதற்கென்றே வைத்து வந்திருந்தார்.

காலையில் திருப்பலி. அதன்பின் மூன்று மணி நேரம் பாடம். ஒரு நாளைக்கு நற்செய்தியின் ஒரே ஒரு பகுதிதான். முதலில் அதனை ஒருவர் உரக்க வாசிப்பார். இதனை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எந்தப் பழைய ஏற்பாட்டு வாக்கியத்தை மனத்திற்கொண்டு எழுதினார் என்ற வினாக்கள் பின்தொடரும். பிற்பகலில் அப்பகுதி கூறும் இடத்திற்கு நடந்தே செல்வோம். இரவில் அன்று கற்றதை வைத்து அரை மணி நேரம் மௌன செபம். பாடப் புத்தகம் என்று தனியாக ஏதும் இல்லை. அவரவர் தாய்மொழி விவிலியமும் ஒரு குறிப்பேடும் போதும் என்றனர்.

ஒரு கல்தளம் கற்பித்த பாடம்

நான்காம் நாள் மடத்தின் நிலவறைக்கு எங்களை அழைத்துச் சென்றனர். அங்கே அகன்ற பழைய கல்தளம் ஒன்று விரிந்து கிடக்கிறது. குதிரைகள் வழுக்காதிருக்கக் கோடுகள் செதுக்கிய கற்களும், உரோமைச் சேவகர் விளையாடிய ஆட்டத்தின் கட்டங்கள் கீறப்பட்ட கற்களும் உள்ளன. அர்ச். அருளப்பர் தம் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் குறிப்பிடும் கல்தளம், பிலாத்து நீதியிருக்கையில் அமர்ந்த அந்தத் தளம், இதுவே என்று பக்தர்கள் நெடுங்காலம் இங்கு முழந்தாளிட்டு வந்தனர். இம்மடத்துக் கன்னியருள் ஒருவரான அன்னை மேரி அலீன் 1950களில் அக்கருத்தை நிலைநாட்ட முயன்று பெரும் ஆய்வு நூலே எழுதினார்.

ஆனால் எருசலேமில் சாமிநாதர் சபையார் 1890இல் நிறுவிய விவிலியக் கல்லூரியைச் சேர்ந்த பியேர் பெனுவா என்ற குருவானவர் இக்கருத்தை மறுத்தார். அவர் காட்டிய காரணம் எளியது. இத்தளத்தின் அடியில் பாறையில் வெட்டிய பழைய நீர்த்தேக்கம் ஒன்று உள்ளது. அதன் மேல் வளைகூரை எழுப்பி, அக்கூரையின் மேல்தான் இக்கற்களைப் பாவியிருக்கின்றனர். கி.பி. 70இல் உரோமையர் நகரை முற்றுகையிட்டபோது இக்குளத்தின் எதிரே மண்மேடு எழுப்பியதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். அப்போது குளம் திறந்தே இருந்தது என்றால், அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே அதன் மேல் தளம் இருந்திருக்க இயலாது அல்லவா? ஆகவே தளமும் வளைவும், 135ஆம் ஆண்டளவில் பேரரசன் அத்ரியான் எருசலேமை உரோமை நகராக மாற்றிக் கட்டியபோது எழுந்தவை. பிலாத்து தங்கி நீதி வழங்கியது நகரின் மேற்குப்புறத்தில் இருந்த ஏரோதின் அரண்மனையிலாதல் வேண்டும். இன்று அறிஞருள் பெரும்பாலோர் இக்கருத்தையே ஏற்கின்றனர்.

இதனை அம்மடத்துக் கன்னியரே எங்களுக்கு எடுத்துரைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. வகுப்பில் ஓர் அமைதி நிலவியது. போலந்து நாட்டுப் பொறியியல் மாணவி ஒருத்தி எழுந்து, "சகோதரி, என் பாட்டி இந்தக் கல்லில் தொட்டெடுத்த செபமாலையைத் தம் சாவுவரை கையில் வைத்திருந்தார். அப்படியானால் அவர் முத்தமிட்டது வெறுங்கல்லைத்தானா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டாள்.

சகோதரி உடனே மறுமொழி கூறவில்லை. பின்னர் அமைதியாகச் சொன்னார்: "உங்கள் பாட்டி கல்லைத் தேடியா வந்தார்? ஆண்டவரைத் தேடி வந்தார். அவரை இங்கே கண்டார். அதனை எந்த அகழ்வாராய்ச்சியும் பறிக்க முடியாது. ஆனால் நீங்கள் படித்தவர். உங்கள் விசுவாசத்தை இந்தக் கல்லின் மேல் கட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்திற்குத் திரும்பினால், யாரேனும் ஒருவர் கல்லைப் புரட்டிக் காட்டும் நாளில் என்ன செய்வீர்கள்? செபத்தோடு, நம் கையாலேயே இங்குப் புரட்டிப் பார்ப்பது நல்லதல்லவா?"

அந்த மறுமொழியே அப்பத்து நாளின் சாரம் என்று எங்களுக்குத் தோன்றியது.

உறுதிப்பட்டவையும் உண்டு

ஆராய்ச்சி என்றாலே பக்தியைக் குலைப்பது என்று எவரும் அஞ்ச வேண்டாம். மறுநாள் பிற்பகல் அதே தெருவில் சில நிமிடம் கீழே நடந்து, அர்ச். அன்னம்மாள் கோயிலை அடைந்தோம். சிலுவைப்போர் வீரர் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய அழகிய கற்கோயில் அது. அதனருகே பெத்சதா குளத்தின் இடிபாடுகள் உள்ளன. முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவனை ஆண்டவர் எழுந்து நடக்கச் செய்த இடத்தில் ஐந்து மண்டபங்கள் இருந்தன என்கிறார் அர்ச். அருளப்பர். ஐந்து என்பது மோசேயின் ஐந்து நூல்களைக் குறிக்கும் உருவகமே, அப்படியொரு குளம் இருந்ததில்லை என்று முற்காலத்தில் சில அறிஞர் வாதித்தனர். அங்கே தோண்டியபோதோ, பக்கம் பக்கமாக இரு பெருங்குளங்களும் நடுவே அவற்றைப் பிரிக்கும் அணையும் வெளிப்பட்டன. நாற்புறமும் நடுவிலுமாக ஐந்து மண்டபங்கள் என்பதற்கு இடம் தெளிவாயிற்று.

திருக்கல்லறைக் கோயிலும் அத்தகையதே. ஆண்டவர் நகருக்கு வெளியே சிலுவையில் அறையப்பட்டார் என்று திருமறை கூற, அக்கோயிலோ இன்றைய மதிலுக்குள் இருக்கிறது. 1960களில் கேத்லீன் கெனியன் என்ற ஆங்கில அம்மையார் அதன் அருகே நடத்திய அகழ்வாராய்ச்சியில், ஆண்டவர் காலத்தில் அப்பகுதி மதிலுக்கு வெளியே இருந்தது என்பதற்குச் சான்று கிடைத்தது. மதில் பின்னர்தான் விரிந்தது.

ஆக, ஓரிடத்தில் பரம்பரை வழக்கு தளர்ந்தது. வேறிரண்டு இடங்களில் நற்செய்தியும் வழக்கும் உறுதிப்பட்டன. திருமறை கூறுவது எது, முன்னோர் வழக்கு கூறுவது எது, கற்கள் கூறுவது எது என்று பகுத்துணரும் பழக்கத்தை மாணவர்கள் கற்றனர். இப்பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் பின்னர் எத்தனை வினாக்கள் வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

குறுகிய கல்வியின் எல்லை

பத்து நாளில் எபிரேயமும் கிரேக்கமும் வந்துவிடா. திருச்சபைத் தந்தையரின் நூல்களும் அடங்கிவிடா. அரைகுறையாகக் கற்று வீடு திரும்பி, பெற்றோரின் பக்தியை எள்ளி நகையாடும் ஆபத்தும் உண்டு. கடைசி நாளில் சகோதரியர் இதனைத் தெளிவாகவே எச்சரித்தனர். அன்று வெள்ளிக்கிழமை. பிற்பகலில் பிரான்சிஸ்கன் சபையார் வழக்கம்போல் சிலுவைப் பாதை நடத்திச் சென்றனர். வளைவின் உண்மை வரலாற்றை அறிந்துகொண்ட எங்கள் வகுப்பினர் அனைவரும் அதில் கலந்துகொண்டு, அவ்வளைவின் கீழேயே செபித்து நடந்தோம். போலந்து மாணவியும் பாட்டியின் செபமாலையோடு எங்களுடன் வந்தாள்.

நம் கடமை

பொதுநிலையினர் இறையியல் கற்பது புதுமையன்று. எருசலேமிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ள பெத்லகேமில், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்ச். எரோணிமுஸ் திருமறையை மொழிபெயர்த்தபோது, உரோமைச் செல்வக் குடும்பத்து விதவையான பவுலாவும் அவர் மகளும் அவரிடம் எபிரேயம் கற்றனர். பொதுநிலையினருள் பலர் திருமறைக் கலைகளில் தக்க பயிற்சி பெற வேண்டும் என்பது 1965இல் வத்திக்கான் சங்கம் தெரிவித்த விருப்பம். 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 229ஆம் சட்டம் அதனை அவர்களது உரிமையாகவே கூறுகிறது.

எல்லாரும் எருசலேம் செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. கற்றறிந்த ஆசிரியர் ஒருவர், கையில் திருமறை நூல், அஞ்சாமல் கேட்க இடம், கற்றதைச் செபமாக்க அமைதி ஆகிய நான்கும் அமைந்தால் நம் மறைமாவட்ட மையமோ பங்கு மண்டபமோ போதும். நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு ஆண்டு முழுவதையும் பணத்தையும் தயங்காமல் தருகிற பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ விடுமுறையில் இத்தகைய வகுப்பிற்குப் பத்து நாள் கேட்டால் மறுக்காதீர்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வினாக்களோடு அவர்கள் வீடு திரும்பும்போது அவர்களோடு அமர்ந்து நீங்களும் திருமறையைத் திறந்து வாசியுங்கள்.