அலாரம் அடிச்சா ஒயரைப் புடுங்காதீங்க

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சு, வீட்டுப் பெரியவங்களுக்கும் சொல்லுங்க.

போன ஞாயிறு அன்னதானம் முடிஞ்சதும் தொண்டூழியர்கள் நாலு பேர் பிரசாதம் எடுத்துக்கிட்டு துவாஸ்ல இருக்கிற ஒரு ஊழியர் தங்கும் விடுதிக்குப் போனோம். பகுதிநேரமா டிப்ளமா படிக்கிற ஒரு தம்பிக்குக் கொடுக்க, பக்தர் ஒருத்தர் தந்த பழைய லேப்டாப்பும் கையில இருந்துச்சு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சு போனதால, அதுல லினக்ஸ் போட்டு வெச்சிருந்தோம். மெதுவான பழைய மெஷின்லயும் நல்லா ஓடும், இலவசம், அப்டேட்டும் வரும்.

தம்பி வாங்கின உடனே கேட்டது ஒண்ணுதான். "அண்ணே, இதுல பேங்க் திறக்குமா? தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், நாளைக்குத்தான் கடைசி நாள்." பழைய ஃபோன் உடைஞ்சு அன்னைக்குத்தான் புதுசு வாங்கியிருந்தார்.

திறந்தோம். பேங்க் பக்கம் வரல. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல'ன்னு எச்சரிக்கை. "லினக்ஸ்னாலே இப்படித்தான்"னு எங்கள்ல ஒருத்தர் சொன்னார். இன்னொருத்தர் அந்தச் சோதனையையே அணைக்க வழி தேட ஆரம்பிச்சுட்டார். உண்மையைச் சொல்லணும், நாங்க யாரும் அவரைத் தடுக்கல.

தடுத்தது தம்பிதான். அவர் கப்பல் பட்டறையில எலெக்ட்ரீஷியன். "யார்டுல அலாரம் அடிச்சா ஒயரைப் புடுங்க மாட்டோம்ணே. ஏன் அடிக்குதுன்னு பார்ப்போம்" அப்படின்னுட்டு திரையோட ஓரத்தைக் காட்டினார். தேதி 2014-ன்னு இருந்துச்சு.

அவ்ளோதான் விஷயம். லேப்டாப் உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போனா கடிகாரம் பின்னாடி போயிடும். பேங்க் தளத்துக்கு ஒரு அடையாளச் சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும்னு அதுலயே இருக்கும். கம்ப்யூட்டர் கணக்குப்படி அது இன்னும் பிறக்கவே இல்ல! செட்டிங்ஸ்ல சிங்கப்பூர் நேரம் வெச்சு, தானா நேரம் எடுக்கிறதை ஆன் பண்ணினோம். பக்கம் உடனே வந்துருச்சு.

பாஸ்வேர்டு அடிக்கும்போது நாங்க திரும்பி நின்னோம். அடுத்து டிஜிட்டல் டோக்கன். அது ஃபோன்ல இருக்கிற சாவி. லினக்ஸா விண்டோஸான்னு அதுக்குக் கவலை இல்ல. ஆனா புது ஃபோன்ல டோக்கன் போட்டா, வேலை செய்ய குறைஞ்சது 12 மணி நேரம் ஆகும். தம்பி முகம் வாடிப்போச்சு.

அந்த 12 மணி நேரம் ஏன் வந்துச்சு தெரியுமா? 2021 டிசம்பர்ல ஓசிபிசி பேங்க் பேர்ல போலி எஸ்எம்எஸ் அனுப்பி, ஏறக்குறைய 790 பேர்கிட்ட 13.7 மில்லியன் வெள்ளி ஏமாத்துனாங்க. லிங்கைத் தட்டி, போலிப் பக்கத்துல விவரத்தை அடிச்சாங்க, பணம் போச்சு. அதுக்கப்புறம் 2022 ஜனவரியில சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் இந்தத் தாமதத்தைக் கொண்டுவந்தாங்க. திருடன் அவன் ஃபோன்ல உங்க டோக்கனைப் போட்டா, தகவல் உங்களுக்கு வரும். பேங்கைக் கூப்பிட்டு நிறுத்த நேரம் கிடைக்கும். காத்திருக்கிறது நமக்கு எரிச்சல்தான், ஆனா அந்த நேரம் நம்ம பணத்துக்குக் காவல்.

"லினக்ஸ்ல வைரஸ் வராது, பயமில்ல"ன்னு சிலர் சொல்றாங்க. போலிப் பக்கத்துல நாமே பாஸ்வேர்டைக் கொடுத்தா எந்த கம்ப்யூட்டரும் காப்பாத்தாது. அதனால பேங்க் முகவரியை நீங்களே அடிச்சுத் திறங்க. பிரவுசரை அப்டேட் பண்ணி வைங்க. நீங்க கேட்காத டோக்கன் அனுமதி வந்தா 'சரி'ன்னு தட்டாதீங்க. சந்தேகம்னா 1799-க்கு அடிங்க.

மறுநாள் காலையில தம்பிகிட்ட இருந்து மெசேஜ்: "ஃபீஸ் கட்டியாச்சுண்ணே." படிச்சு நிம்மதியாச்சு, கொஞ்சம் வெட்கமாவும் இருந்துச்சு. உதவி பண்ணப் போனது நாங்க, பாடம் சொல்லிக் கொடுத்தது அவர்.

வர்ற ஞாயிறும் அன்னதானத்துக்குப் பிறகு மண்டபத்துல இருப்போம். ஃபோன், லேப்டாப் கொண்டு வாங்க. பாஸ்வேர்டை மட்டும் எங்ககிட்டயும் சொல்லாதீங்க.

எல்லாம் அவன் செயல். 🙏