பின்னோக்கி எடுக்கும் ரூட்

சென்னையில் ஒரு செயின் பறிப்பு நடந்தால் குற்றப்பிரிவில் இருக்கும் நாங்கள் திருடன் வந்த வழியைத்தான் முதலில் தேடுவோம். பறித்துக்கொண்டு ஓடுகிறவன் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டான், நம்பர் பிளேட்டை மடக்கியிருப்பான், சந்து சந்தாக நுழைந்து மறைவான். வரும்போது அவனுக்கு அந்தப் பதற்றம் இல்லை. டீக்கடையில் நின்றிருப்பான், பெட்ரோல் போட்டிருப்பான், ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துவிட்டுப் போனில் பேசியிருப்பான். அந்த ஒரு நிமிடம் அகப்பட்டால் முகம் அகப்படும். சம்பவ இடத்திலிருந்து கேமரா கேமராவாகப் பின்னால் போகும் இந்த வேலைக்கு ஸ்டேஷனில் ரூட் எடுப்பது என்று பெயர்.

ஏ.கே. விசுவநாதன் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த காலத்தில், 2017க்குப் பிறகு, ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் நகரம் முழுக்கக் கேமரா வைத்தார்கள். கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் செலவில் பங்கெடுத்தார்கள். அதற்கு முன் பல வழக்கில் எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி பக்கத்துக் கட்டட வாட்ச்மேன். இருட்டில் அவர் பார்த்ததும் பார்த்ததாக நினைத்ததும் கலந்தே வரும். கேமரா வந்தது பெரிய பலம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கேமரா வந்தால் ஆள் தேவை குறையும் என்று வெளியில் பலர் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. பார்க்க வேண்டியது பெருகியது, பார்க்க உட்காருபவர் பெருகவில்லை.

ஒரு ரூட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று சொன்னால்தான் இது புரியும். ஒரு கடையின் கேமராப் பதிவுக் கருவி (டி.வி.ஆர்.) பத்து நிமிடம் முந்தி ஓடும், எதிர்க்கடையுடையது கால் மணி பிந்தி ஓடும். நம் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு அந்த வித்தியாசத்தை நோட்டில் எழுதிக்கொள்ளாதவர் மூன்றாவது கேமராவிலேயே வண்டியைத் தவறவிடுவார். கடைக்காரருக்குப் பாஸ்வேர்டு தெரியாது. மாட்டிக்கொடுத்த பையனைத் தேடிப் பிடிக்க வேண்டும். சில வாரங்களில் பழைய பதிவு அழிந்து மேலே புதியது ஏறிவிடும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று எதையும் தள்ளவும் முடியாது. இரவுப் பதிவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் வெள்ளையாகப் பூத்துப் போயிருக்கும். அப்போது மட்கார்டின் கீறல், சீட் கவரின் கிழிசல், பின்னால் உட்கார்ந்தவன் காலை வைத்திருக்கும் விதம் ஆகியவற்றை வைத்துத்தான் அதே வண்டி என்று சொல்ல முடியும். இதற்குக் கண் பழக வேண்டும், அது வருடக்கணக்கில் வருவது.

2025 மார்ச் 25 காலை, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் தென்சென்னையில் வரிசையாகச் செயின் பறிப்புகள் நடந்தன. செய்தவர்கள் வெளிமாநிலத்தவர். உடையை மாற்றிக்கொண்டு விமான நிலையம் போய்விட்டார்கள், ஆனால் ஷூவை மாற்றவில்லை. அதைக் கவனித்தவர்களால்தான் அன்றே அங்கே பிடிக்க முடிந்தது. அந்த வேலையை நான் மனமார மதிக்கிறேன். பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாள் அதிகாலை போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவ்வளவு நல்ல ஆதாரம் நீதிமன்றக் கூண்டின் முன் முழுதாக விரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நீதிமன்றம் என்றதும் இன்னொரு வேலை. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி, எடுத்த காட்சிக்கு, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒன்று பதிவை வைத்திருந்தவரோ தருபவரோ கொடுப்பது, மற்றது நிபுணர் கொடுப்பது. சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். நியாயமான விதிகள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆளின் அரை நாள்.

அந்த ஆள் எங்கே? காலை ரோல் காலில் நின்று பாருங்கள். பதிவேட்டில் பெயர் இருக்கும். ஒருவர் கோர்ட், ஒருவர் சம்மன், ஒருவர் பாரா காவல், ஒருவர் ரைட்டருக்கு உதவி, மருத்துவ விடுப்பில் ஒருவர். சேப்பாக்கத்தில் மேட்ச், வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம், பட்டினப்பாக்கத்தில் விநாயகர் சிலை கரைப்பு என்று வந்துவிட்டால் கிரைம் டீமும் பந்தோபஸ்துக்குப் போகும். பாதி எடுத்த ரூட் அப்படியே நிற்கும். 2021இல் காவலர்களுக்கு வார விடுமுறை ஆணை வந்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். தூங்காத கண் எந்தக் காட்சியையும் பார்க்காது. அந்த விடுமுறையை ஈடுகட்டக் கூடுதல் ஆள் கொடுத்தால்தான் அது நிலைக்கும். விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள் என்று, காவல்துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல். சென்னையில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றத்துக்கு ஓர் ஆய்வாளர் என்று பலகையில் பிரிந்திருக்கிறது. கூட்டம் சேரும் நாளில் பிரிவு தெரியாது.

இதற்கிடையில் குற்றமே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் பர்ஸ் போனது என்று வந்தவர்கள் குறைந்து, போனில் பணம் போனது என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருகிறார். வீடியோவில் போலீஸ் உடையில் ஒருவன், “உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று சொல்லி, அறையை விட்டு நகரவிடாமல் சேமிப்பு முழுவதையும் மாற்ற வைத்திருப்பான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குச் சிதறுவதற்குள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால் முடக்க வாய்ப்பு உண்டு. பலர் வெட்கத்தில் இரண்டு நாள் கழித்து வருகிறார்கள். அம்மா, உங்கள் மீது தவறில்லை என்று அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசுவதும், பிறகு வங்கி வங்கியாகக் கடிதம் எழுதித் துரத்துவதும் ஒருவரின் முழுநேர வேலை. அந்த முழுநேர ஆளும் பந்தோபஸ்துப் பட்டியலில் இருக்கிறார்.

ஆளுக்குப் பதில் செயலி போதுமே என்பவர்களுக்காக, முகம் அறியும் செயலிகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தி. நகர் பண்டிகைக் கூட்டத்தில் பழைய குற்றவாளிகளை அடையாளம் காண அவை உதவியிருக்கின்றன. ஆனால் செயலி காட்டுவது சாயலைத்தான். எப்போதோ ஒரு வழக்கில் பெயர் சேர்ந்து, இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகும் பையனை வாகனச் சோதனையில் நிறுத்தி, செயலி சொல்கிறது என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தால், அவன் தெருவே நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடும். அவன் திருந்திவிட்டான் என்பது அந்தப் பீட்டில், அதாவது ரோந்துப் பகுதியில், நடக்கிற காவலருக்குத் தெரியும். எந்த வீடு பூட்டியிருக்கிறது, எந்தக் கடையின் கேமரா உண்மையிலேயே ஓடுகிறது, எந்தச் சந்தின் முடிவில் சுவர் உடைந்து வழி இருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். ரோந்து போனதற்குச் சான்றாகப் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட காலம் போய்க் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யும் காலம் வந்தாலும், அவர் அங்கே போனார் என்பது மட்டும்தான் அதில் பதிவாகும்.

பீட் காவலர் மாற்றலாகிப் போகும்போது அவருக்குத் தெரிந்த இவ்வளவும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்று: ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரூட் எடுக்கவும் சைபர் புகாரைத் துரத்தவும் சிலரை ஒதுக்கி, அவர்களை எந்தப் பந்தோபஸ்துக்கும் அனுப்பாதீர்கள். பீட் காவலர் மாறினால், போகிறவரும் வருகிறவரும் ஒரு வாரமாவது அந்தத் தெருக்களில் சேர்ந்து நடக்கட்டும். வாய்மொழியாகச் சொன்னால் இது நடக்காது, ஆள் இல்லை என்ற பதில்தான் வரும். எழுத்தில் ஆணையாக வர வேண்டும்.