கிராணியின் பேரேடு

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் என் தந்தையார் கிராணியாக இருந்தார். பால் எடையைப் பேரேட்டில் கூட்டிக்கொண்டிருக்கையில் தொலைபேசி மணி ஒலிக்கும்; பாதிக் கணக்கில் எழுதுகோலை வைத்துவிட்டு எழுவார். மறுமுனையில் துரை, "இன்றைய மொத்தம் என்ன?" என்பார். கணக்கை முடிக்காமல் மொத்தம் சொல்ல இயலாது. பேச்சை முடிக்காமல் கணக்கிற்குத் திரும்பவும் இயலாது. சிறுவனாகிய நான் அதைக் கண்டு சிரித்ததுண்டு. பல்லாண்டுகட்குப் பின் அதே இக்கட்டில் நானே ஒரு கணினியைச் சிக்கவைத்தேன்.

பத்து பெரண்டாம் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரத்தின் கணக்கைத் திரட்டுவதற்காக, லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவில் ஓடும் சிறு நிரலொன்றை எழுதியிருந்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடிற்று. மூன்றாம் நாள் நள்ளிரவில் கணினி உறைந்துபோயிற்று. கம்பியைச் சரிவர இணைக்கவில்லையென்று, பயிற்சிக்கு வந்திருந்த இளைஞனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்.

குற்றமோ என்னுடையது. கணக்கைப் பதியும் பகுதி பூட்டொன்றைத் தன்வசம் வைத்திருக்கும் கணத்தில், இயந்திரத்திலிருந்து குறுக்கீடு வந்தது. அதைக் கவனிக்கும் பகுதியும் அதே பூட்டைக் கேட்டது. நான் இட்டிருந்தது 'ஸ்பின்லாக்' எனும் சுழல் பூட்டு. கிடைக்கும்வரை செயலி நின்ற இடத்திலேயே சுற்றும். பூட்டை வைத்திருந்தவனோ அதே செயலியில் இடைநிறுத்தப்பட்டுக் கிடந்தான். யார் திறப்பது?

உறங்கிக் காத்திருக்கும் பூட்டை இட்டிருக்கலாமே என மாணவர் வினவக்கூடும். டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1965-இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய 'செமஃபோர்' அவ்வகையினது. (அச்சொல்லுக்கு இரயில் பாதையில் நாம் கைகாட்டி என்றழைக்கும் கம்பமென்றே பொருள். டச்சுக்காரர் என்றால் மலாக்காவின் செங்கட்டடத்தை மட்டுமே அறிந்திருந்த எனக்கு இது வியப்பளித்தது.) ஆயின் குறுக்கீட்டைக் கவனிக்கும் பகுதி உறங்கலாகாது. அது பிறர் நேரத்தை இரவல் வாங்கி ஓடுவது. உறக்கத்திலிருந்து எழுப்பத் தனக்கெனத் தனிப் பணியுருவம் இல்லாதது.

இதற்கு ஒரு வழி உண்டு. பேரேட்டைத் திறக்குமுன் தொலைபேசியை எடுத்துக் கீழே வைப்பதுபோல, பூட்டை எடுக்குமுன் அச்செயலியில் குறுக்கீடுகளைத் தடுத்துவிட வேண்டும். விடுவித்தபின் முன்பிருந்த நிலையையே மீட்க வேண்டும். ஏற்கெனவே வேறொருவர் தடுத்து வைத்திருந்தால் அதை நாம் திறந்துவிடலாகாது. 'ஸ்பின்லாக் ஐஆர்க்யூசேவ்' எனும் கட்டளையும், பூட்டை விடுவிக்கும் அதன் இணைக்கட்டளையும் சேர்ந்து இவ்விரண்டையும் செய்யும். பிற செயலிகள் சற்றே சுற்றிக்கொண்டு காத்திருப்பதில் கேடில்லை, பூட்டினுள் செய்யும் வேலை சில வரிகளில் முடியுமாயின்.

திருத்திய மறுநாள், முன்பு கடிந்தபோது இருந்த அதே பலர் முன்னிலையில் அவ்விளைஞனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எந்த வரிங்க சார்?" என்று மட்டும் கேட்டான். காட்டினேன். தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.