புகையில பிடிச்சதை வாங்க ஆள் இருக்கா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா வாசிங்க.

இருமலுக்காக என்னிடம் வரும் ஒரு அண்ணாச்சி. கோவில்பட்டிப் பக்கம் நூல் மில்லில் பல வருஷமா வேலை பார்ப்பவர். போன மாதம் வந்தப்ப கேட்டார்: "சார், தூத்துக்குடில புகையப் பிடிச்சு சோடா உப்பு ஆக்குறாங்களாமே? அந்த மிஷினை நம்ம பக்கமும் போட்டா இந்த இருமல் நின்னுருமா?"

நல்ல கேள்வி. பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் அவர் சொன்ன செய்தி உண்மைதான். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் 2016-ல் அந்த அமைப்பு ஓடத் தொடங்கியது. நிலக்கரி பாய்லரிலிருந்து வரும் புகையை ஒரு கரைசலுக்குள் அனுப்புவார்கள். அந்தக் கரைசல் கார்பன் டை ஆக்சைடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் வாயுவைத் தனியாக விட்டுவிடும். அந்த வாயுவிலிருந்து சோடா ஆஷ் தயாராகும். கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் போகிற அதே சோடா ஆஷ். வருஷத்துக்குச் சுமார் 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பது திட்டம்.

கரைசலை உருவாக்கியது இரண்டு இந்திய இளைஞர்கள் தொடங்கிய கார்பன் க்ளீன் சொல்யூஷன்ஸ் நிறுவனம். வழக்கமான கரைசலைவிட இதைச் சூடாக்கக் குறைந்த எரிபொருள் போதும் என்பதுதான் இதன் பலம். அரசு மானியம் இல்லாமல் நடந்ததால் உலகமே திரும்பிப் பார்த்தது.

எப்படி மானியம் இல்லாமல் முடிந்தது? அந்த ஆலைக்குக் கார்பன் டை ஆக்சைடு ஒரு மூலப்பொருள். அதற்கு முன்பு வெளியில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொந்தப் புகையிலேயே கிடைக்கிறது. பிடித்ததற்கு விலை உண்டு. அதனால் கருவி வந்தது.

இந்த ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க. இதே சோடாவின் பழைய கதைக்குப் போவோம்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அப்போ லெப்ளாங்க் முறையில் உப்பிலிருந்து சோடா எடுத்தார்கள். உப்போடு கந்தக அமிலம் சேர்த்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். அதைப் புகைபோக்கி வழியாக ஊருக்குள் விட்டார்கள். சுற்றியிருந்த பயிரும் மரமும் கருகின. வில்லியம் காசேஜ் என்பவர் 1836-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். பயன்படாமல் கிடந்த ஒரு காற்றாலைக் கோபுரத்துக்குள் சுள்ளிகளை அடைத்து, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, உள்ளே வாயுவை அனுப்பினார். வாயு தண்ணீரில் கரைந்துவிட்டது. இன்றைய ஸ்க்ரப்பர் கருவிகளுக்கு அதுதான் முன்னோடி.

கருவி வந்தாச்சு. எல்லோரும் போட்டார்களா? இல்லை. கிடைத்த அமிலத்தை வாங்க அன்று பெரிதாக ஆள் இல்லை. 27 வருஷம் கழித்து, 1863-ல் ஆல்கலி சட்டம் வந்து, "அந்த வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்தே ஆகணும்" என்று சொன்ன பிறகுதான் எல்லா ஆலைகளும் மாறின. அதற்குப் பிறகு அந்த அமிலத்திலிருந்து துணி வெளுக்கும் பொடி செய்ய நல்ல வழிகள் வந்து, அதற்கும் விலை கிடைத்தது!

அடுத்தது தூசி. அனல் மின்நிலையங்களில் சாம்பலைப் பிடிக்கும் இ.எஸ்.பி., அதாவது எலக்ட்ரோஸ்டாடிக் பிரெசிப்பிடேட்டர். கலிஃபோர்னியாவில் ஃபிரெடெரிக் காட்ரெல் என்ற வேதியியல் பேராசிரியர் 1908-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். புகை வரும் பாதையில் உயர் மின்னழுத்தக் கம்பிகள். தூசி மின்னேற்றம் பெற்று, பக்கத்துத் தகடுகளில் போய் ஒட்டும். தட்டினால் கீழே கொட்டும். அவ்வளவுதான்.

இதில் நம்ம கரிசல் மக்களுக்குப் பிடிக்கிற ஒரு செய்தி உண்டு. காட்ரெலுக்கு முதலில் வெறும் கம்பியில் மின்சாரம் சீராகப் பரவவில்லை. ஒருநாள் அந்தி நேரத்தில் பார்த்தால், பருத்தி நூல் சுற்றிய கம்பி மட்டும் நீளம் முழுக்க ஊதா நிறத்தில் மினுங்கியது. ஒவ்வொரு பஞ்சு இழையும் ஒரு குட்டி மின்முனையாக வேலை செய்திருக்கிறது. அங்கிருந்துதான் அவருக்கு வழி பிறந்தது. பிறகு 1912-ல் தன் காப்புரிமைகளை ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஒரு அமைப்புக்கே கொடுத்துவிட்டார். பெரிய மனுஷன்.

இப்போ ஒரு மருத்துவராக நான் சொல்ல வேண்டிய கணக்கு. ஒரு கருவி 99.9 சதவீதம் தூசியைப் பிடிக்கிறது; பராமரிப்பு குறைந்து 99 சதவீதம் ஆகிறது. பார்க்க 0.9 தான் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் வெளியே போவது 0.1-லிருந்து 1 ஆகிறது. 10 மடங்கு! அதோடு இந்தச் சதவீதம் எடைக் கணக்கு. கனமான துகள் எளிதாக மாட்டிக்கொள்ளும். நழுவுவதில் நுண்துகள்தான் அதிகம். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போவதும் அதே நுண்துகள்தான். அதனால "மிஷின் இருக்கா?"ன்னு கேட்டா மட்டும் போதாது. "இன்னைக்கு எப்படி ஓடுது?"ன்னும் கேட்கணும்.

பிடித்த சாம்பலை சிமெண்டுக்கும் செங்கலுக்கும் வாங்குகிறார்கள். சல்ஃபர் டை ஆக்சைடுக்கு அப்படி இல்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் போனாலே மூச்சுக்குழாய் சுருங்கும். சுண்ணாம்புக்கல் கரைசலில் கழுவினால் அது ஜிப்சமாக மாறிவிடும். லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தில் 1930-களிலேயே புகையைக் கழுவிப் பார்த்தாகிவிட்டது. ஆனால் செலவு அதிகம், ஜிப்சத்துக்குக் கிடைக்கும் காசு குறைவு. இந்தியாவில் 2015 டிசம்பரில் அனல் மின்நிலையங்களுக்கு வரம்பு கொண்டுவந்தார்கள். 2 வருஷம் கெடு. கெடு தள்ளித் தள்ளிப் போனது. 2025 ஜூலையில் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

தாமிர ஆலையில் கணக்கு வேறு. அங்கே அதே வாயுவைக் கந்தக அமிலமாக்கி விற்கலாம். தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் அப்படித்தான் அமிலம் தயாரித்தது. ஆனாலும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2018 மே மாதப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாயுவைப் பிடித்து விற்கும் ஏற்பாடு இருந்தும், ஊர்க்காரர்களுக்கு அந்தக் காற்றின் மேல் நம்பிக்கை வரவில்லை.

சரி, அண்ணாச்சியின் இருமலுக்கு வருவோம்.

அவருக்கு நான் சொன்னது: "அண்ணாச்சி, அந்த மிஷின் பிடிக்கிறது கார்பன் டை ஆக்சைடு. அது பூமியைச் சூடாக்கும், அதைப் பிடிக்கிறது ரொம்ப நல்லது. ஆனா உங்க நெஞ்சை அடைக்கிறது அது இல்ல." பிறகு கேட்டேன், "லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள்தான் நெஞ்சு ஜாஸ்தி இறுக்குதா?" ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆமா சார், எப்படித் தெரியும்?"

அதன் பெயர் பிசினோசிஸ். பஞ்சு தூசியால் வரும் நோய். ப்ளோரூம், கார்டிங் பகுதிகளில் அதிகம். வார விடுமுறை முடிந்த முதல் நாள் இறுக்கம் இதன் அடையாளம். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் நுரையீரல் பாதிப்பு நிரந்தரமாகிவிடும். நம் நாட்டுச் சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

இதற்கும் கருவி உண்டு. இயந்திரத்தின் வாய்ப்பக்கத்திலேயே தூசியை உறிஞ்சி, வடிகட்டித் துணியில் பிடிக்கும் அமைப்பு. அமெரிக்காவில் 1978-ல் பஞ்சு தூசிக்கு வரம்பு போட்டுச் சட்டம் வந்தது. அடுத்த சில வருஷத்திலேயே இந்த நோய் வெகுவாகக் குறைந்தது.

சோடா ஆஷுக்கு மார்க்கெட் இருக்கு. சாம்பலுக்கு இருக்கு. நழுவிப் போகாத நெஞ்சுச் சளிக்கும், வராமல் போன ஆஸ்துமாவுக்கும் விலைச்சீட்டு கிடையாது. அங்கேதான் சட்டமும் கண்காணிப்பும் வேணும்.

நீங்க செய்ய வேண்டியது ரெண்டு.

ஒன்று, இருமல், இளைப்புன்னு டாக்டரிடம் போனால், என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்க. லீவு நாளில் குறையுதா என்பதையும் சொல்லுங்க. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை செய்துகொள்ளுங்க.

இரண்டு, மில்லில் உறிஞ்சும் குழாய் அடைத்துக் கிடந்தாலோ, வடிகட்டி கிழிந்திருந்தாலோ சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்க. தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து சொல்லுங்க.

அண்ணாச்சிக்கு ஸ்பைரோமெட்ரி எடுத்தாச்சு. கார்டிங்கிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

மில் வேலைக்குப் போகும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதை அனுப்பி வையுங்க.