பின்வாங்கில் இருந்து வந்த கேள்வி



என்னிடம் வர்த்தகம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "மிக அதிகமான பணம் மிகக் குறைந்த பொருட்களைத் துரத்துவதே பணவீக்கம்." பாடமாக்கி எழுதினால் முழுப் புள்ளி. ஒருநாள் பின்வாங்கில் இருந்த பெடியன் எழும்பி, "சேர், காசு கூடினதாலயோ, சாமான் குறைஞ்சதாலயோ?" என்று கேட்டான். எனக்குப் பாடம் முடிக்கிற அவசரம். "இதெல்லாம் சோதனைக்கு வராது, இரு" என்று இருத்திவிட்டேன்.

பல வருடம் கழித்து அவனை வயல் வரம்பில் கண்டேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்திருந்தார்கள். இயற்கை விவசாயம் நல்லதுதான். என் வீட்டுத் தோட்டத்துக்கும் மாட்டெருதான். ஆனால் ஒரு போகத்தில் மண் மாறுமா? நாட்டில் டொலரும் தட்டுப்பாடு. நவம்பரில் தடையைத் தளர்த்தியும் அவனுக்கு யூரியா நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலபோகத்தில் வழமையான விளைச்சலில் பாதிகூட வரவில்லை.

2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை அரசு நிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. காசு அச்சடித்ததும் ஒரு காரணம்; வட்டியைக் கூட்டாமல் இருந்திருக்க முடியாது. பணவீக்கம் பிறகு இறங்கியதும் உண்மை. (பணவீக்கம் இறங்குவதென்றால் விலை இறங்குவதல்ல, ஏறும் வேகம் குறைவது. இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்!) ஆனால் வட்டி கூடினால் புழங்கும் காசு குறையும், நெல் கூடாது. அவன் மனைவியின் நகை அடகில் இருந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தில் நாடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே வெள்ளம் வந்தது. கடனும் காலநிலையும் முறைவைத்து வருவதில்லை.

ஆகவே இந்தக் கிழவனின் எண்ணம் இதுதான். குளக்கட்டுத் திருத்துவது, விதைநெல்லைச் சேமிப்பது, உரத்தைப் படிப்படியாகக் குறைக்க விவசாயிக்குக் கைகொடுப்பது, இவையும் விலையைக் கட்டுப்படுத்தும் வேலைகளே. வரவுசெலவுத் திட்டத்தில் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இவையாக இருக்கக் கூடாது. வங்கியிலும் கச்சேரியிலும் இருக்கிற பிள்ளைகள், பிழை இருந்தால் திருத்துங்கள்.

தம்பி, நீயும் இதை வாசிப்பாய். உன்ர கேள்விக்கு முழுப் புள்ளி. பிந்தித் தாறதுக்கு சேரை மன்னிச்சுக்கொள்.