படத்தின் கீழ் ஒரு பெயர்

நம் இல்லங்களின் சுவர்களில் கல்யாணப் படங்களும், காலஞ்சென்ற பெரியோரின் படங்களும் மாலையுடன் விளங்குகின்றன. ஒருவரைப் படம் எடுத்து மாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை என்பது நம் பழக்கம். ஆதலின், எவருடைய படத்தை மாட்டுகிறோம், எவரைக் கண்டு முகம் திருப்பிக்கொள்கிறோம் என்பது அற்ப விஷயமன்று.

துப்புரவுத் தொழிலாளர் மீது சுமத்தப்பட்ட இழிவு கேரளத் தமிழராகிய நமக்கு அந்நியமானதன்று. தகழி சிவசங்கரப் பிள்ளை மலையாளத்தில் எழுதி 1947இல் வெளிவந்த ‘தோட்டியின் மகன்’ ஆலப்புழையின் கதை. அதன் நாயகன் பெயரோ சுடலைமுத்து! அவன் எந்த நாட்டு வழியினன் என்பதை அப்பெயரே சொல்லும். பிழைப்புத் தேடி இங்கு வந்த தமிழரில் கடை வைத்தவர் உண்டு, கணக்கெழுதியவர் உண்டு, பிறர் மலத்தைச் சுமந்தவரும் உண்டு. முதல் இருவரை நம்மவர் என்கிறோம். மூன்றாமவரை?

இவ்வினாவைக் காமிராவின் மூலம் எழுப்பியவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார். மீன் விற்ற தாயின் மைந்தர். திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளியான ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். அதன் பின்னரும், சாக்கடைக் குழியில் மாண்டோரின் இல்லங்களுக்குச் சென்று மனைவி மக்களைப் படமெடுத்தார். தயானிதா சிங் பெயரிலான ஆவண நிழற்பட விருது 2022இல் அவருக்குக் கிட்டியது.

அப்படங்களை ஒரு நாள் வீட்டில் காட்டினேன். “சாப்பிடும் வேளையில் இதெல்லாம் எதற்கப்பா?” என்றார் என் தந்தையார். என் மகளோ, “இந்த அக்காவின் பேர் என்னப்பா?” என்று கேட்டாள். படத்தின் கீழே பெயர் இருந்தது, வாசித்தேன். தந்தையாரும் மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டார்.

இதுவே நான் சொல்ல விழைவது. அழுக்கை மட்டும் காட்டும் படம் இழிவைப் பெருக்கும். பெயரையும் முகத்தையும் குடும்பத்தையும் காட்டும் படமே அதைக் கரைக்கும். அமெரிக்காவில் 1908 முதல் குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் என்பவரும் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிவைத்தார்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை நம் நாட்டில் 1993லும் 2013லும் சட்டங்கள் தடுத்தன. ஆயினும் சட்டம் கைகளைத் தடுக்கலாம். அருவருப்பை யார் தடுப்பது? நம் கிழக்கேகோட்டைக்கு அருகே, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் ஓடையில், 2024 ஜூலை 13ஆம் தேதி குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். 15ஆம் தேதியே உடல் கிடைத்தது. அவருடைய முகத்தை நகரம் அறிந்தது அதற்குப் பின்னரே. உயிருடன் இருக்கையில் அறிந்திருக்கலாகாதா?

அன்பர்களே! சங்கத்தின் ஆண்டு விழாவில் குழுப்படம் எடுப்போமன்றோ? மண்டபத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்தவரையும், அவர் இசைந்தால், முன்வரிசையில் அமர்த்துவோம். மலரில் அச்சிடுகையில் மற்றவர் பெயருடன் அவர் பெயரையும் பிழையின்றிப் போடுவோம்.