மடைவாய்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் புறப்படுவோர் சிறிது நேரத்திலேயே பெரிய முதலியார்சாவடியைக் கடந்து விடுவர். மேற்கே பிரியும் சாலை குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில்லுக்குச் செல்கிறது. கிழக்கே சிறிது நடந்தால் கடல். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். அப்பெயருக்கு ஏற்ப இங்குள்ள ஒரு சிறிய தங்கும் இல்லத்தைப் பங்குப் பணியோடு சேர்த்துச் சில ஆண்டுகளாக நாம் கவனித்து வருகிறோம். தியானத்திற்கென இருபது பேர் வருவர். இளைஞர் முகாம் என்றால் நாற்பது பேர். வருவோர் மறைநூலை வாசிக்கிறார்களோ இல்லையோ, மூன்று வேளையும் தவறாமல் உண்பர். உண்டபின் தட்டுகள் மலைபோல் குவியும்.

அம்மலையைக் கரைப்பவர் ஒரு மூதாட்டி. எல்லோருக்கும் அவர் ஆயாதான். தம் வயதை அவர் அறியார், அறுபத்தைந்துக்குக் குறையாது. இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் மரக்காணத்து உப்பளங்களில் இளமை முழுவதும் கூலி வேலை செய்தவர். உப்பளம் கொடுத்த வெடிப்புகள் அவருடைய கைகளில் ஆறவே இல்லை; அவற்றின்மேல் இப்போது சோப்புத் தூளும் நாரும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

பிரான்சு நாட்டில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பம் ஒன்று நமது இல்லத்தில் சில நாள் தங்கியபோது இக்கைகளைக் கண்டது. ஊருக்குத் திரும்புமுன் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்து சமையற்கட்டில் இறக்கிவிட்டுச் சென்றது. நாம் மகிழ்ந்தோம். ஆயா மகிழவில்லை.

"அப்ப எனக்கு வேலை இல்லையா சாமி?" என்றார்.

"அண்டாவும் குண்டானும் அதற்குள் போகாது ஆயா. தட்டும் டம்ளரும் மட்டுந்தான்" என்று சொல்லித் தேற்றினோம். அவர் தேறியதாகத் தெரியவில்லை.

இந்த இயந்திரத்தின் பிறப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி இதற்கு 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். பணியாளர்கள் கழுவும்போது தம்முடைய அருமையான பீங்கான் தட்டுகளின் விளிம்பு சிதைகிறது என்பதே அவருடைய குறை. கணவர் கடனை வைத்துவிட்டு இறந்தபின் அந்தக் கண்டுபிடிப்பே அவருக்குப் பிழைப்பாயிற்று. 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பரிசும் பெற்றது. ஆக, கழுவுகிறவரின் கையைக் காப்பதற்காக அன்று, கழுவுகிறவரின் கையை நம்பாமல் தட்டைக் காப்பதற்காகப் பிறந்தது இவ்வியந்திரம். பின்னால் நம் இல்லத்தில் நடந்ததை எண்ணும்போது இச்செய்தி நம்மைச் சுடுகிறது.

ஐந்து மாதம் யாவும் செவ்வையாக நடந்தன. மே மாதத்தில் ஒரு நாள், பொத்தானை அழுத்தினோம், விளக்கு எரிந்தது, முந்தைய நீரை வெளியேற்றும் ஓசை கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. சில நிமிடங்கள் கழித்துக் குழாய்ப் படம் போட்ட விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கதவைத் திறந்தால் தட்டுகள் சோற்றுப் பருக்கையோடு காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு நீரும் உள்ளே வரவில்லை.

சமையற்கட்டைக் கவனிக்கும் தம்பி உடனே நம்மிடம் வந்தார். "சாமி, ஆயாவுக்கு இந்த மெஷின் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கல. எதையோ திருகி விட்டிருக்கும்" என்றார். அங்கிருந்த மற்றவர்களும் ஆம் என்றனர். ஆயா தொட்டியருகே குந்தி அமர்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்க முடியாது.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

இவ்வியந்திரத்தின் அடியில் உப்பு இடும் அறை ஒன்று உண்டு. கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். அவை தட்டிலும் கண்ணாடியிலும் வெண்படலமாகப் படியும். இயந்திரத்துக்குள் இருக்கும் பிசின் மணிகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகள் நிறைந்து போனால் உப்புக் கரைசலால் அவற்றை அலசிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கெனத் தூய உப்பைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். கடையில் அதன் விலையைக் கேட்டு நாம் திகைத்தோம். உப்பளங்களுக்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு உப்பை இந்த விலைக்கு வாங்குவதா என்னும் வீம்பு பிறந்தது. மரக்காணத்துக் கல்லுப்பு ஒரு சிறு மூட்டை வாங்கி வந்து, எவரும் இல்லாத ஒரு பிற்பகலில் நாமே புனல் வைத்து அவ்வறையில் கொட்டினோம்.

அது தவறு. உப்பளத்தில் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் தடிக்கிறது. முதலில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிகிறது. நீர் போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகை எட்டும்போது சமையலுப்பு மணி கட்டுகிறது. எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்குகிறது. ஒன்றிலிருந்து ஒன்றை முற்றிலும் பிரிக்க வெயிலால் இயலாது. எனவே சுத்திகரிக்காத கல்லுப்பில் சிறிதளவு கால்சியமும் மக்னீசியமும் களிமண்ணும் கலந்தே வரும். எவற்றை வெளியேற்றுவதற்கென்று உப்பு இடுகிறோமோ அவற்றையே நாம் கைநிறைய அள்ளி உள்ளே போட்டிருந்தோம். இதைக் கையேட்டில் படித்தது உப்பைக் கொட்டி மூன்று வாரம் கழித்து. படித்தபின் கையேட்டை மூடி வைத்துவிட்டோம்.

இயந்திரம் நின்றபோது, நமது உப்புதான் அடைத்துக்கொண்டது என்பதில் நமக்கு ஐயமே இல்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம் போதும். ஆனால் தம்பியின் முகத்திலும் மற்றவர் முகத்திலும் ஆயாவைப் பற்றிய முடிவு உறுதியாக எழுதியிருந்தது. அதைக் கலைக்க நாம் முன்வரவில்லை. பழுது பார்ப்பவர் வரட்டும் என்றோம். அவர் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் ஆயாவோடு சமையற்கட்டில் எவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பிறருடைய மௌனத்தின் பாவங்களை எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவர்கள் நாம்.

வந்தவர் முன்பலகையைக் கழற்றினார், மூடினார். மின்னணுப் பலகை போய்விட்டது, மாற்ற ஒன்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றார். இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயை அவர் தொடவேயில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம்.

அவர் போனபின் ஆயா எழுந்து வந்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"சாமி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? பொத்தான அமுக்கினதும் உள்ள முனகுது. மூணு நாளா கேக்கறேன். முனகுது, ஆனா தண்ணி வரல. அளத்துல பாத்தி ரொம்பலைன்னா பாத்தியைப் போய் நோண்ட மாட்டோம். மொதல்ல மடைவாயப் பாப்போம்."

மறுநாள் காலை ஊரிலிருந்து குழாய் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். ஆயா சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னோம். "முனகுதுன்னா கரண்டு வால்வுக்குப் போகுது சாமி. அப்ப கோளாறு தண்ணிப் பக்கந்தான்" என்றார் அவர். கையேடு பத்துப் பக்கத்தில் சொல்வதை இருவரும் இரண்டு வரியில் சொல்லி முடித்தனர்.

இவ்வகை இயந்திரம் இப்போது நம்மவர் பலருடைய வீடுகளிலும் இருப்பதால், அவர் பார்த்த வரிசையைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறோம். முதலில் சுவரிலுள்ள குழாய் முழுதும் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து, இயந்திரத்தைச் சுவரோடு தள்ளியதில் பின்னாலுள்ள ஓஸ் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் சரி. கதவு அழுந்தச் சாத்தாவிட்டாலும் நீர் வராது, அதுவும் சரி. அடித்தட்டில் ஒரு மிதவை உண்டு. எங்காவது கசிந்து தட்டில் நீர் தேங்கினால் அது மேலெழுந்து, வீடு வெள்ளக்காடாகாமல் இருக்க நீர்வரத்தைத் துண்டித்துவிடும். டார்ச் விளக்கடித்துப் பார்த்தார், தட்டு உலர்ந்திருந்தது. பிறகு மின்செருகியைப் பிடுங்கி, குழாயை மூடி, ஓஸைக் கழற்றினார். அது வால்வோடு சேரும் வாயில் விரல்நுனி அளவில் ஒரு சல்லடை. மூக்குக் குறட்டால் அதை இழுத்தெடுத்து நம் உள்ளங்கையில் வைத்தார்.

மணலும் துருவும் வெண்ணிறச் செதிலுமாக அது இறுகிப் போயிருந்தது. மடைவாய்.

பழைய பல்துலக்கியால் தேய்த்து வினிகரில் ஊறவைத்து மாட்டினோம். நீர் வந்தது; ஆனால் நூலிழை போல் வந்தது. இயந்திரம் பொறுத்துப் பார்த்து மீண்டும் சிமிட்டியது. இளைஞர் ஓஸின் நுனியை ஒரு வாளியில் விட்டுக் குழாயைத் திறந்தார். வாளியின் அடி மறையவே வெகுநேரம் பிடித்தது. அவர் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். "எந்தத் தொட்டியிலேருந்து சாமி தண்ணி வருது?" என்றார்.

அங்கேதான் மற்றொரு முடிச்சு அவிழ்ந்தது. இக்கடற்கரையில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பேறி வருகின்றன. கோடையில் நமது ஆழ்குழாய்க் கிணறும் கரித்தது. ஆகவே லாரியில் நல்ல நீர் தருவித்தோம். லாரிக்காரரின் குழாய் தூண்மேல் இருக்கும் உயரமான தொட்டிக்கு எட்டவில்லை. சமையற்கட்டின் கூரைமேல் இருந்த பழைய சிறு தொட்டியில் ஊற்றச் சொல்லி, வால்வைத் திருப்பிவிடச் சொன்னவர்களும் நாமே. அத்தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்த வண்டல் கலங்கி, நேரே வந்து சல்லடையில் அமர்ந்துகொண்டது.

வண்டல் மட்டுமன்று, அழுத்தமும் காரணம். பத்து மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். இத்தகைய இயந்திரங்கள் பலவும் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் அழுத்தத்தை எதிர்பார்க்கின்றன. அதாவது மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரம். தூண்மேல் உள்ள தொட்டி எட்டு மீட்டர் உயரத்தில் உள்ளது. கூரைத் தொட்டியிலோ, அரைத்தொட்டி நீர் இருக்கையில் இரண்டு மீட்டர்கூடத் தேறாது. வால்வின் அமைப்பு வியப்புக்குரியது. மின்காந்தம் அதிலுள்ள ஒரு நுண்துளையை மட்டுமே திறக்கிறது. பெரிய வாயிலை மூடியிருக்கும் ரப்பர்த் தகட்டைத் தூக்கித் திறப்பது வரும் நீரின் அழுத்தமே. நீருக்கு வலுவில்லையெனில் காந்தம் முனகிக்கொண்டே இருக்கும். கதவு சரிவரத் திறவாது. ஆயா மூன்று நாள் கேட்ட ஓசை அதுதான்.

நமது கல்லுப்பு? "உப்பறை வால்வுக்கு அப்புறந்தான் சாமி வருது. தண்ணியே அங்க போகலையே" என்று சிரித்தார் இளைஞர். ஆயினும் அதை அகப்பையால் அள்ளி வெளியேற்றி, நீர் ஊற்றி அலசி, கடை உப்பை இட்டோம். லாரி நீரைத் தரைத்தொட்டியில் இறக்கி, இருக்கின்ற மோட்டாராலேயே தூண்தொட்டிக்கு ஏற்ற வழி செய்தார் அவர். சில மீட்டர் குழாயும் அரைநாள் கூலியும் ஆயின. ஒன்பதாயிரம் ரூபாய் ஆகவில்லை.

மாலையில் இயந்திரம் சலசலவென நீர் வாங்கியது. தம்பி ஆயாவிடம் போய், "தப்பா நெனச்சுட்டேன் ஆயா" என்று தலையைச் சொறிந்தார். அவரால் முடிந்தது. எல்லோரும் கலைந்தபின் நாம் ஆயாவின் அருகே சென்றோம். மூட்டை உப்பைக் கொட்டியவர் யார் என்பதையும், அதை மறைத்துக்கொண்டு இரண்டு நாள் வாய்திறவாமல் இருந்தவர் யார் என்பதையும் சொன்னோம். எத்தனையோ மறையுரை ஆற்றிய நாவுக்கு அந்த நாலு வாக்கியம் கடினமாக இருந்தது.

ஆயா அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குத் தெரியும் சாமி. அன்னிக்கே பாத்தேன். மூட்டை கொறைஞ்சிருந்துச்சு, மெஷினாண்ட கல்லுப்பு செதறிக் கெடந்துச்சு. நாந்தான் கூட்டி அள்ளினேன்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சற்றுப் பொறுத்து, "மிச்ச உப்பு எங்க வெச்சிருக்கீங்க? வீணாக்காதீங்க சாமி. கருவாட்டுக்கு ஆகும்" என்றார்.

மூட்டையை எடுத்துக் கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு ஆயா வீட்டுக்குப் புறப்பட்டார்.